வெளிநாட்டு ஆய்வு விமானங்கள் நம் வானில் ஏன் பறக்க வேண்டும்? செயற்கைக்கோள் போதாதா?

கேட்டிருப்பது இதுதான்: வேறு நாட்டு விமானங்கள் நம் வான்வெளிக்குள் வந்து காற்றை அளக்க ஏன் அனுமதி தர வேண்டும், அவரவர் நாட்டை அவரவர் அளந்துகொண்டால் ஆகாதா, வருகிறவர்கள் உளவு பார்த்துவிட மாட்டார்களா?

நான் மூன்று வருடம் மாலத்தீவின் வடகோடியில், குல்ஹுதுஃபுஷி தீவில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். பக்கத்தில் ஹனிமாதூ என்ற தீவில் ஒரு வளிமண்டல ஆய்வு நிலையம் உண்டு. 2007 ஜனவரியில் பிள்ளைகளைப் படகில் அங்கே கூட்டிப்போனோம். அங்கிருந்த ஊழியர் இரண்டு வட்டத் தாள்களை மேசையில் வைத்தார். காற்றை உறிஞ்சி வடிகட்டும் ஃபில்டர் தாள்கள். ஆகஸ்டில் எடுத்தது ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. ஜனவரியில் எடுத்தது விறகடுப்பில் ஏற்றிய சட்டியின் அடி மாதிரி இருந்தது. "இவ்வளவு கரி எங்கிருந்து சார் வந்தது?" என்று ஒரு பையன் கேட்டான். அந்தத் தீவில் புகை கக்கும் ஆலை எதுவும் கிடையாது. ஊழியர் ஒன்றும் சொல்லாமல் வடகிழக்குப் பக்கம் கையை நீட்டினார். அந்தப் பக்கம் இருப்பது நம் நாடு.

எனக்குச் சுருக்கென்றது. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்தக் கை நீட்டலிலேயே இருக்கிறது. புகை போடும் இடம் ஒரு நாடு, அது போய்ச் சேரும் இடம் இன்னொரு நாடு. அவரவர் எல்லைக்குள் மட்டும் அளந்தால் இரண்டு பக்கமும் பாதிக் கணக்குதான் கிடைக்கும்.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது இண்டோயெக்ஸ் என்ற இந்தியப் பெருங்கடல் ஆய்வு. அதன் முக்கியக் கட்டம் 1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்தது. தலைமை தாங்கிய இருவரில் ஒருவர் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன். மற்றவர் ஓசோன் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற பால் குருட்ஸன். இந்தியா, அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகள், மாலத்தீவு என்று 200-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள். மாலேயிலிருந்து அமெரிக்காவின் சி-130 விமானம் கருவிகளோடு பறந்தது, கடலில் இந்தியாவின் சாகர் கன்யா கப்பல் போனது. அந்த மாதங்களில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். வடக்கே அழுக்குக் காற்று, பூமத்திய ரேகையைத் தாண்டினால் சுத்தமான காற்று. ஒரே கடல், ஒரே வெயில், காற்று மட்டும் வேறு. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. கடலுக்கு மேல் சுமார் 3 கிலோமீட்டர் உயரம் வரை பழுப்புப் புகைமூட்டம் படர்ந்திருப்பது அப்போதுதான் தெளிவானது.

சரி, செயற்கைக்கோள் போதாதா? மேலிருந்து பார்த்தால் மூட்டம் இருப்பது தெரியும். ஆனால் எந்த உயரத்தில் எவ்வளவு கரி, அது வெயிலைத் திருப்பி அனுப்புகிறதா, தானே உறிஞ்சிக்கொண்டு சூடாகிறதா என்பதை அங்கிருந்து சரியாகப் பிரித்துச் சொல்வது கடினம். அதற்குள்ளேயே போய்த்தான் பார்க்க வேண்டும். 2006 மார்ச்சில் அதே ஹனிமாதூவிலிருந்து ராமநாதன் குழு மூன்று சிறிய ஆளில்லா விமானங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பறக்கவிட்டது. மூட்டத்துக்கு மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று, மூன்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு மேல். மூட்டத்துக்கு மேலேயும் கீழேயும், இறங்கும் வெயிலையும் திரும்பி மேலே போகும் வெயிலையும் அளந்து கழித்தால், இடையில் மூட்டம் எவ்வளவு விழுங்கியது என்று வந்துவிடுகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம், நான் காட்டியும் இருக்கிறேன். கீழ்வளிமண்டலம் வெயிலால் சூடேறுவதை இந்த மூட்டம் சுமார் 50 சதவீதம் கூட்டுகிறது என்ற முடிவு 2007-இல் வெளியானது.

உரசலே இல்லாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். 2002-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு இதற்கு 'ஆசியப் பழுப்பு மேகம்' என்று பெயர் வைத்து அறிக்கை விட்டபோது இந்திய விஞ்ஞானிகள் கொதித்தார்கள். ஜே. ஸ்ரீனிவாசன், சுலோசனா காட்கில் இருவரும் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் கடுமையாக மறுத்து எழுதினார்கள். புகை உலகம் முழுக்க இருக்கும்போது ஆசியாவின் பெயரை மட்டும் ஒட்டியது தவறு என்பதே என் கருத்தும். பிறகு அது 'வளிமண்டலப் பழுப்பு மேகம்' ஆனது. கூட்டு ஆய்வில் நம் ஆட்கள் உள்ளே இருந்து, தரவும் நம் கையில் இருந்தால்தான் இப்படி எதிர்த்துப் பேச முடியும். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் அவர்கள் எழுதியதுதான் முடிவு.

உளவு பார்ப்பார்களோ என்ற உங்கள் பயம் புரிகிறது. 2017-இல் காத்மாண்டுவிலிருந்து பறந்த ஜியோஃபிசிகா விமானம் சோவியத் காலத்தில் உயரப் பறந்து உளவு பார்க்கவே உருவானது! அதில் ஐரோப்பிய விஞ்ஞானிகளின் கருவிகளை ஏற்றி, நேபாளம், இந்தியா, வங்கதேசம் மூன்று நாட்டு வான்வெளியிலும் அனுமதி வாங்கிச் சுமார் 20 கிலோமீட்டர் உயரம் வரை பறந்தார்கள். பருவமழை மேகங்கள் கீழிருந்து அள்ளிக்கொண்டு போன அம்மோனியா, அங்கே அம்மோனியம் நைட்ரேட் துகள்களாக மிதப்பதைக் கண்டார்கள். அந்த அம்மோனியாவில் பெரும்பங்கு வயலில் போடும் உரத்திலிருந்தும் மாட்டுத் தொழுவங்களிலிருந்தும் போவது. மூன்றில் ஒரு நாடு மறுத்திருந்தாலும் அந்தப் படம் முழுசாகக் கிடைத்திருக்காது.

அப்புறம் அந்தக் கறுப்புத் தாளுக்கு வருகிறேன். ஹனிமாதூவிலும் புனே அருகே சிங்ககட்டிலும் பிடித்த கரியை ஸ்வீடன் விஞ்ஞானிகள் கார்பன்-14 என்ற, காலப்போக்கில் அழிந்துபோகும் கார்பன் வகையை வைத்துச் சோதித்தார்கள். நிலக்கரியிலும் டீசலிலும் அது மிச்சம் இருக்காது, விறகிலும் வறட்டியிலும் இருக்கும். கரியில் ஏறக்குறைய பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை விறகு, சாணம், வைக்கோல் போன்றவற்றை எரித்ததால் வந்தது என்று 2009-இல் எழுதினார்கள். அதைப் படித்த வருடம் எங்கள் வீட்டில் கேஸ் வந்து நாளாகியிருந்தும், அம்மா வெந்நீருக்குக் கொல்லையில் விறகடுப்பைத்தான் மூட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போய் முதல் வேலையாக அதற்கு ஒரு ஹீட்டர் வாங்கி மாட்டினேன்.