258வி-யா, 255எச்-ஆ: மெல்லிய லேப்டாப் வாங்குவோர் கேள்வி பதில்

இன்டெல் இரண்டு சிப்களுக்கும் 'கோர் அல்ட்ரா 7' என்றே பெயர் வைத்திருக்கிறது. 258வி, 2024 செப்டம்பரில் வந்த லூனார் லேக் வரிசை. 255எச், 2025 ஜனவரியில் அறிவித்த ஏரோ லேக் வரிசை. இரண்டுமே 14 அங்குல மெல்லிய லேப்டாப்களில் வருகின்றன. குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்! வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

258 பெரிய நம்பர், 255 சின்ன நம்பர். அப்போ 258வி தானே சார் வேகம்?

இல்லை. நம்பரை விடுங்கள், வாலில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். 258வி-யில் மொத்தம் 8 கோர் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் செயலி): 4 பெர்ஃபார்மன்ஸ் (வேகத்துக்கு), 4 எஃபிஷியன்ஸி (மின்சாரச் சிக்கனத்துக்கு). 255எச்-இல் 16: 6 பெர்ஃபார்மன்ஸ், 8 எஃபிஷியன்ஸி, போதாததற்கு 2 லோ பவர் கோர். ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங் இரண்டிலும் கிடையாது. ஆகவே த்ரெட்டும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) 8, 16 தான்.

பிரவுசர், எக்செல், டேலி மாதிரி ஒன்றிரண்டு கோரை நம்பி ஓடும் வேலைகளில் 258வி-யின் உச்சம் 4.8 கிகாஹெர்ட்ஸ், 255எச்-இன் உச்சம் 5.1. நூற்றுக்கு ஆறு வித்தியாசம், கைக்குத் தெரியாது. எல்லாக் கோரும் ஒரே நேரத்தில் உழைக்கும் வேலை என்றால் 255எச் ஒன்றரை மடங்குக்கு மேல் ஓடும். ஆனால் லேப்டாப் அதற்குத் தேவையான வாட்டைக் கொடுக்க வேண்டும். மெல்லிய லேப்டாப்பில் சிக்கலே அங்கேதான்.

255எச்-க்கு ஒரு இடத்தில் 28 வாட் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 115 வாட். எதை நம்புவது?

இரண்டும் இன்டெல் தரும் எண்தான். 28 அடிப்படை, 115 சில நொடிகளுக்கான டர்போ உச்சம். 258வி-க்கு அதே கணக்கு 17, 37. உங்கள் லேப்டாப்பில் ஓடப்போவது இவைதான் என்று சொல்ல முடியாது. தயாரிப்பாளர் தன் ஃபேனுக்கும் ஹீட்பைப்புக்கும் ஏற்ப இரண்டு வாட் வரம்பு வைப்பார்: பிஎல்2 என்பது தொடக்கத்தில் கொஞ்ச நேரம் பாய்வதற்கான வாட், பிஎல்1 என்பது மூச்சு வாங்காமல் தாக்குப்பிடிக்கும் வாட். ஒரே 255எச், ஒரு லேப்டாப்பில் 28 வாட்டில் உட்கார்ந்துவிடும். இன்னொன்றில் 60 வாட்டில் ஓடும். வேகத்தைத் தீர்மானிப்பது பிஎல்1.

அளந்து பார்க்கும் வழி இது. சார்ஜரைச் செருகுங்கள். விண்டோஸ் பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' ஆக்குங்கள், தயாரிப்பாளரின் ஆப்பிலும் பெர்ஃபார்மன்ஸ் மோடைத் தேர்ந்தெடுங்கள். இரண்டில் ஒன்றை மறந்தாலும் கணக்கு தப்பும். எச்டபிள்யூஇன்ஃபோவை (சிப்பின் வாட், சூடு காட்டும் ஆப்) சென்சார் மட்டும் காட்டும்படி திறந்து வைத்து, சினிபெஞ்ச் 2024 என்ற வேகச் சோதனை ஆப்பின் மல்டி கோர் டெஸ்ட்டைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். 'சிபியு பேக்கேஜ் பவர்' என்ற வரியை முதல் நிமிடத்தில் ஒருமுறை, எட்டாவது நிமிடத்தில் ஒருமுறை பாருங்கள். முதலில் 60 காட்டிப் பிறகு 28-க்கு இறங்கினால், அந்த 16 கோரில் பாதிக்குத்தான் நீங்கள் சோறு போடுகிறீர்கள். 40-க்கு மேல் நின்றால் 255எச் வாங்கியதற்கு அர்த்தம் உண்டு.

ஒப்பிடும்போது ஒரு நுணுக்கம்: 258வி-யில் ரேம் சிப்புக்குள்ளேயே இருப்பதால், அதன் 17 வாட்டில் ரேமுக்கான சுமார் 2 வாட்டும் அடக்கம். 255எச்-இல் ரேம் தனி, அதன் செலவு இந்த எண்ணில் சேராது.

மதுரையில் ஏசி இல்லாத அறை. ரிவ்யூவில் வந்த ஸ்கோர் எனக்கு வரலையே அண்ணா?

வராது. சிப் சூட்டை வெளியே தள்ளுவது அறைக் காற்றுக்குத்தான். ஒரு லேப்டாப் 25 டிகிரி அறையில் 35 வாட் ஓட்டி, சிப்பை 95 டிகிரியில் நிறுத்துகிறது என்று வையுங்கள். இடைவெளி 70 டிகிரி, ஆக வாட்டுக்கு 2 டிகிரி. உங்கள் அறை 37 என்றால் இடைவெளி 58 ஆகச் சுருங்கும். அதே 95-இல் நிறுத்த வேண்டுமானால் 29 வாட் தான் ஓட்ட முடியும். லேப்டாப்பில் கோளாறு எதுவும் இல்லை. 258வி பெரும்பாலும் 20-25 வாட்டுக்குள் வேலையை முடித்துக்கொள்வதால் இந்த அடி அதன் மேல் குறைவாகவே விழும். மெத்தை மேல் வைத்து அடிப்பக்கக் காற்றுத் துளையை அடைத்தால் இரண்டுமே படுத்துவிடும். பின்பக்கத்தை இரண்டு விரல் கடை உயர்த்தி வைப்பது கூலிங் பேடுக்குச் சமம், செலவும் இல்லை.

பேட்டரியில் 258வி நிஜமாகவே அவ்வளவு வித்தியாசமா? விளம்பரமா?

நிஜம்தான், காரணமும் உண்டு. 258வி-யில் நான்கு எஃபிஷியன்ஸி கோர்களும் தனித் தீவாக, குறைந்த மின்சாரப் பகுதியில் இருக்கின்றன. அவை பழைய லோ பவர் கோர் மாதிரி நோஞ்சான் அல்ல. ஸ்கைமான்ட் வகை, 3.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். பத்து டேப், ஒரு வீடியோ கால், பின்னணியில் ஒரு பாட்டு என்றால் இவையே சமாளித்துவிடும். பெர்ஃபார்மன்ஸ் கோர்கள் தூங்கிக்கொண்டே இருக்கலாம்.

255எச்-இலும் 2 லோ பவர் கோர் இருக்கிறதே என்பீர்கள். அவை முந்தைய தலைமுறை கிரெஸ்ட்மான்ட், உச்சம் 2.5 கிகாஹெர்ட்ஸ், எண்ணிக்கையும் இரண்டே. வீடியோ ஓடவிட்டுச் சும்மா பார்த்தால் தாங்கும். ஒரு கனமான இணையப் பக்கத்தைத் திறந்ததும் திணறி, வேலையைப் பெரிய கோர்கள் இருக்கும் பகுதிக்குத் தள்ளிவிடும். அந்தப் பகுதி விழித்ததும் வாட் ஏறும்.

எண்ணில் சொன்னால்: மிதமான வெளிச்சத்தில் இணையம் பார்க்கும்போது லேப்டாப் முழுவதுமாக 258வி-யில் 5.5 வாட், 255எச்-இல் 8 வாட் இழுப்பதாக வைத்தால், 70 வாட்-அவர் பேட்டரி முறையே பன்னிரண்டே முக்கால் மணி, எட்டே முக்கால் மணி வரும். முழு வேகத்தில் ரெண்டர் (வீடியோவை இறுதியாக உருவாக்குவது) போட்டால் இந்த மிச்சமெல்லாம் காணாமல் போகும். சும்மா இருக்கும் நேரத்தில் சேமிப்பதுதான் 258வி-யின் வித்தை.

258வி தான் வாங்கினேன். ஐந்து மணி நேரம்கூட நிற்கவில்லை. ஏமாந்துட்டேனா?

பொறுங்கள். சிப்பைத் திட்டும் முன் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் திரை. 2.8கே ஓஎல்இடி, 120 ஹெர்ட்ஸில் இருந்தால் 60-க்கு மாற்றுங்கள். ஓஎல்இடி-யில் வெள்ளைப் பின்னணிதான் பேட்டரியைத் தின்னும். டார்க் தீம் இங்கே வெறும் அழகுக்கு இல்லை.

அடுத்து டாஸ்க் மேனேஜர். சும்மா வைத்திருக்கும்போது சிபியு 1-2 சதவீதத்துக்கு மேல் நின்றால் யாரோ பின்னால் வேலை செய்கிறார்கள். பழைய லேப்டாப்பிலிருந்து கொண்டுவந்த ஆன்டிவைரஸ், இன்னும் ஒத்திசைந்து முடிக்காத கிளவுட் கோப்புகள், புது லேப்டாப்பில் முதல் ஓரிரு நாள் ஓடும் தேடல் இன்டெக்ஸ், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். முதல் இரண்டு நாள் கணக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மூடி வைத்தபோது குறைகிறது என்றால் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையை ஸ்லீப்ஸ்டடி தெரிவோடு (powercfg /sleepstudy) ஓட்டுங்கள். எந்த டிரைவர் தூங்கவிடாமல் செய்தது என்று பெயரோடு அறிக்கை வரும். பேட்டரிரிப்போர்ட் தெரிவு (/batteryreport), பேட்டரியின் வடிவமைப்புக் கொள்ளளவையும் இப்போதைய முழுக் கொள்ளளவையும் காட்டும். சில 258வி மாடல்களில் பேட்டரியே 55 வாட்-அவர்தான். அதை 75-ஓடு ஒப்பிட்டுப் புலம்பிப் பயனில்லை.

256வி-க்கும் 258வி-க்கும் என்ன வித்தியாசம்?

ரேம் மட்டும். 6-இல் முடிந்தால் 16 ஜிபி, 8-இல் முடிந்தால் 32. சிப்போடு சேர்ந்தே வருவதால் பின்னால் ஏற்ற வழியே இல்லை, கடைக்காரர் என்ன சொன்னாலும். நான்கைந்து வருடம் ஓட்டப்போகிறீர்கள் என்றால் 258வி. அல்ட்ரா 5 226வி, 228வி-யிலும் அதே 8 கோர்தான். உச்ச வேகம் 4.5 ஆகவும் கிராபிக்ஸ் கோர் 8-லிருந்து 7 ஆகவும் குறையும். அலுவலக வேலைக்கு 228வி தாராளம்.

ஆப் எழுதுகிறேன்: ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, டாக்கர், கூடவே எமுலேட்டர். எது?

யோசிக்காமல் 255எச். கிரேடில் பில்ட் (ஆப்பைத் தொகுத்து உருவாக்கும் வேலை) எல்லாக் கோரையும் பிடித்துக்கொள்ளும். எமுலேட்டருக்கு (லேப்டாப்புக்குள் ஓடும் போலி போன்) 4 கோர் ஒதுக்கினால் 258வி-யில் மிச்சம் நான்குதான். அதைவிட முக்கியம் ரேம்: ஸ்டூடியோ, கிரேடில், எமுலேட்டர், டாக்கர் எல்லாம் சேர்ந்து 20 ஜிபி-யைச் சுலபமாகத் தாண்டும். 258வி 32-க்கு மேல் போகாது. 255எச்-இல் ஸ்லாட் இருக்கும் மாடலாகப் பார்த்தால் 64 போடலாம்.

255எச் லேப்டாப், 16 ஜிபி ஒற்றை ஸ்டிக். கேம் ரொம்ப மெதுவா ஓடுது. ஆர்க் 140டி நல்லா இருக்கும்னு சொன்னாங்களே?

வியாதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள். 140டி என்பது 255எச்-க்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ். அதற்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போடுகிறது. டிடிஆர்5-5600 ஒரு ஸ்டிக் என்றால் நொடிக்கு 44.8 ஜிபி பாதை. இரண்டு போட்டால் 89.6. 258வி-யின் 8533 வேக ரேமுக்கு 136.5. உங்கள் 140டி, மூன்றில் ஒரு பங்கு அகலமுள்ள சந்தில் லாரி ஓட்டுகிறது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' 1 ஆஃப் 2 என்றிருந்தால், அதே வேகம், அதே அளவில் இன்னொரு எஸ்ஓ-டிம் (லேப்டாப் ரேம் ஸ்டிக்) வாங்கிப் போடுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

ஒல்லியான லேப்டாப்பில் கேம் மட்டும் நோக்கம் என்றால் 258வி-யின் ஆர்க் 140வி கிராபிக்ஸ் தான் வாட்டுக்கு அதிகம் தரும். அது 140டி-யைவிடப் புதிய எக்ஸ்இ2 கட்டமைப்பு.

வீடியோ எடிட்டிங்: கேமராவிலிருந்து 4கே, 10 பிட், 4:2:2 (நிறத் தகவலை அதிகம் காக்கும் பதிவு). எது?

எச்.265-இல் பதிவு செய்யுங்கள். அந்த 4:2:2-ஐ இரண்டு சிப்பும் ஹார்டுவேரிலேயே அவிழ்க்கும், டைம்லைன் வழுக்கிக்கொண்டு போகும். அதே 4:2:2-ஐ எச்.264-இல் எடுத்தால் இரண்டிலுமே ஹார்டுவேர் உதவி இல்லை; கோர்கள் கையால் அவிழ்க்க வேண்டும், 258வி உடனே மூச்சு வாங்கும். ஏற்கெனவே எடுத்த கோப்புகளுக்கு ப்ராக்ஸி (எடிட் செய்ய மட்டும் இலகுவான நகல்) போட்டுக்கொள்ளுங்கள். கடைசி ரெண்டரில் நாய்ஸ் குறைப்பு, எஃபெக்ட் நிறைய என்றால் 255எச்.

கோபைலட்+ ஸ்டிக்கர் ஒன்றில் இருக்கு, இன்னொன்றில் இல்லை. லோக்கலாக ஏஐ ஓட்ட 258வி தான் வேணுமா?

மைக்ரோசாஃப்டின் அந்த ஏஐ பிசி ஸ்டிக்கருக்கு என்பியு (சிப்பில் ஏஐ கணக்குக்கான பகுதி) 40 டாப்ஸ் (அதன் வேக அளவு) வேண்டும். 258வி-யில் 47, 255எச்-இல் 13. விண்டோஸ் ரீகால் (திரையில் முன்பு பார்த்ததைத் தேடித் தரும் வசதி) போன்றவை வேண்டுமென்றால் 258வி. நீங்கள் நினைப்பது 8 பில்லியன் அளவுருக்கள் கொண்ட ஏஐ மாடலை ஓட்டுவது என்றால் கதை வேறு: ஒவ்வொரு டோக்கனுக்கும் (பதிலின் சொல் துண்டு) மாடல் முழுவதையும் ரேமிலிருந்து ஒருமுறை படித்தாக வேண்டும். 4 பிட்டில் அது ஏறத்தாழ 4.7 ஜிபி. 136.5-ஐ 4.7-ஆல் வகுத்தால் நொடிக்கு 29 டோக்கன், அதுவே கூரை. இரண்டு ஸ்டிக் டிடிஆர்5-5600 என்றால் 19. ரேம் பாதைதான் வேகம். டாப்ஸ் இங்கே எடுபடாது.

லினக்ஸ்?

258வி-யின் கிராபிக்ஸ், லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 6.12 முதல் தானாகவே வேலை செய்யும். டெபியன் 12-இல் இருப்பது 6.1, அதை முயலாதீர்கள். டெபியன் 13, உபுண்டு 25.04-க்குப் பின் வந்தவை சரி. வாங்கும் முன் வெப்கேம் யுஎஸ்பி வகையா, எம்ஐபிஐ (சிப்போடு நேரடியாக இணைவது) வகையா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால், எந்தச் சிப்பாக இருந்தாலும், படம் வரவைக்க ஒரு மாலைப்பொழுது போகும்.

கடைக்காரர் 255யு காட்டி, 'அதே 255 தான், விலை கம்மி' என்கிறார்.

அதே இல்லை. 255யு-வில் பெர்ஃபார்மன்ஸ் கோர் இரண்டே, எஃபிஷியன்ஸி 8, லோ பவர் 2. உள்ளே இருப்பது 255எச்-இன் லயன் கோவ் வகை பெர்ஃபார்மன்ஸ் கோர் அல்ல, முந்தைய மீட்டியர் லேக் தலைமுறையின் கோர்கள். கிராபிக்ஸும் பாதி. மோசமான சிப் அல்ல, டேலிக்கும் ஜூமுக்கும் போதும். ஆனால் 255எச் விலைக்கு அருகில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 'அல்ட்ரா' என்ற சொல்லே இல்லாமல் வெறும் 'கோர் 7 150யு' என்றிருந்தால் அது இன்னும் பழைய ராப்டர் லேக்.

பழைய 65 வாட் டைப்-சி சார்ஜர் இருக்கு. போதுமா?

258வி-க்குப் போதும். சிப் உச்சத்தில் 37 இழுத்தாலும் திரைக்கும் சார்ஜ் ஏறவும் மிச்சம் இருக்கும். 255எச்-க்குச் சாதாரண நேரத்தில் போதும். பில்ட் ஓடும்போது செருகியிருந்தும் சதவீதம் இறங்கினால் பயப்படாதீர்கள், அது சார்ஜர் பற்றாக்குறை. 100 வாட் பிடி (யுஎஸ்பி பவர் டெலிவரி) சார்ஜரும், அதைத் தாங்கும் 5 ஆம்பியர் கேபிளும் சேர்த்து வாங்குங்கள். 3 ஆம்பியர் கேபிளைப் போட்டால் 100 வாட் சார்ஜரும் 60 தான் கொடுக்கும்.