மெக்கானிக்கல் கீபோர்டு கேள்வி பதில்: நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவர்களுக்கு

மெக்கானிக்கல் என்றால் ஒவ்வொரு கீக்கும் அடியில் தனி ஸ்விட்ச் இருக்கும். இன்று அலுவலக வேலைக்கான கீபோர்டு மட்டும். கேட்பதற்கு முன் மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: என்ன அடிக்கிறீர்கள், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், மேசை எவ்வளவு உயரம். விளக்கு எத்தனை வண்ணத்தில் எரியும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சார், ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க டேலி. மேசையில் இடம் குறைவு. 65 சதவீத கீபோர்டு வாங்கலாமா? (ஈரோடு)

வேண்டாம். 65 சதவீதம் என்றால் 67 அல்லது 68 கீ. நம்பர் பேட் கிடையாது, மேலே எஃப் வரிசையும் கிடையாது. டேலியில் எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். ஒவ்வொரு வவுச்சருக்கும் எஃப்என் கீயைச் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருந்தால் மதியத்துக்குள் வெறுத்துப்போகும்.

உங்களுக்கு 96 சதவீதம்தான் சரி. முழு அளவு கீபோர்டின் 104 கீயில் சிலவற்றை மட்டும் விட்டுவிட்டு, மீதியை இடைவெளி இல்லாமல் நெருக்கி வைத்திருப்பார்கள். நம்பர் பேட் இருக்கும். ஒரு குறை உண்டு: பல மாடல்களில் நம்பர் பேடின் பூஜ்யம் இரட்டை அகலத்தில் இராது, ஒற்றைக் கீதான். அதன் இடது பாதி இருக்க வேண்டிய இடத்தில் வலது அம்புக்குறி வந்து உட்கார்ந்திருக்கும். கட்டைவிரலால் பூஜ்யம் அடிக்கிறவர் என்றால் முதல் வாரம் 500 என்று அடிக்க நினைத்து 5-உம் நகர்ந்த கர்சரும்தான் மிஞ்சும். படத்தைப் பெரிதாக்கி அந்த மூலையை மட்டும் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். எஃப் வரிசை ஒலி, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் வேலைக்கு அமைந்து வந்தால், அதை எஃப் கீயாக மாற்றும் வழி கையேட்டில் இருக்கும்.

ஸ்விட்ச் நீலமா, பழுப்பா, சிவப்பா? ஒரே வரியில் சொல்லுங்கள் அண்ணா. (மதுரை)

ஒரு வரியில் முடியாது, ஒருமுறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் ஸ்விட்ச் கணக்கில் மூன்றும் 4 மில்லிமீட்டர் இறங்கும். சிவப்பு: தடங்கல் இல்லாமல் நேராக இறங்கும், 45 சென்டிநியூட்டன் விசையில், 2 மில்லிமீட்டர் ஆழத்தில் எழுத்து விழும். பழுப்பு: அதே 2 மில்லிமீட்டர், வழியில் சின்ன மேடு, 55 சென்டிநியூட்டன். நீலம்: மேடும் உண்டு, 'டிக்' சத்தமும் உண்டு, 60 சென்டிநியூட்டன், 2.2 மில்லிமீட்டர். ஒரு சென்டிநியூட்டனைக் கிட்டத்தட்ட ஒரு கிராம் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். செர்ரியின் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு எல்லாரும் இதே வடிவத்தில் செய்கிறார்கள். நிறம் ஒன்றாக இருந்தாலும் எடை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நிறத்தை விட்டு எண்ணைப் படியுங்கள்.

தனி அறையில் வேலை என்றால் மூன்றில் எதுவும். பொது ஹாலில், போனில் பேசுகிறவர் பக்கத்தில் என்றால் நீலம் கூடாது. கீயின் மேல்மூடிக்கு அடியில் ரப்பர் வளையம் போட்டால் நீலத்தின் சத்தம் போய்விடும் என்று விற்பார்கள். போகாது. வளையம் கீ அடித்தட்டில் மோதும் சத்தத்தைத்தான் குறைக்கும். 'டிக்' ஸ்விட்சுக்குள்ளே ஒரு பிளாஸ்டிக் துண்டு துள்ளி விழும் சத்தம்.

மணிக்கட்டு வலிக்கிறது. மெக்கானிக்கல் வாங்கினால் சரியாகுமா? (திருச்சி, மென்பொருள் வேலை)

கூடவும் செய்யலாம். சாதாரண ரப்பர் கீபோர்டை விட மெக்கானிக்கல் உயரம் அதிகம். கையை மேசையில் வைத்துக்கொண்டு விரலை மட்டும் மேலே தூக்கினால் மணிக்கட்டு பின்பக்கம் வளையும். வலி அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் காசு செலவில்லாத வேலை. கீபோர்டின் பின்னால் உள்ள இரண்டு காலையும் மடக்குங்கள். அவை சாய்வைக் கூட்டத்தான் உதவும். முழங்கை செங்கோணத்தில் இருக்கும்போது உள்ளங்கை கீயின் மட்டத்தில் இருக்க வேண்டும். நம் ஊர் மேசைகள் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர், நடுத்தர உயரமுள்ளவருக்கு அதுவே அதிகம். நாற்காலியை உயர்த்துங்கள், கால் தொங்கினால் கீழே பலகை போடுங்கள். மணிக்கட்டுப் பலகை வாங்கினால் கீபோர்டின் முன்விளிம்பு உயரத்துக்கு வாங்குங்கள். அதில் வைக்க வேண்டியது உள்ளங்கையின் அடிப்பகுதியை, மணிக்கட்டை அல்ல. அதுவும் அடிக்காமல் இருக்கும் நேரத்தில். எஸ்ஏ வகை உயரமான கீகேப் (கீயின் மேல்மூடி) பக்கமே போகாதீர்கள். இரவில் விரல் மரத்துப்போகிறது என்றால் கீபோர்டுக் கடைக்கு முன் டாக்டரிடம் போங்கள்.

ஐயா, மொழிபெயர்ப்பு வேலை. தினம் ஐந்தாறு மணி நேரம் தமிழ்99 எழுத்து அமைப்பில் அடிக்கிறேன். தமிழுக்கென்று தனி கீபோர்டு வேண்டுமா? (சென்னை)

வேண்டாம். எந்தக் கீயை அடித்தோம் என்பதை மட்டும்தான் கீபோர்டு அனுப்புகிறது. அதை 'க' ஆக்குவது விண்டோஸோ இ-கலப்பை மென்பொருளோ. ஆனால் தமிழ்99 அடிக்கிறவர் கீபோர்டு தேர்ந்தெடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு, அதைச் சொல்லத்தான் இன்று காத்திருந்தேன்.

உங்கள் வலது சுண்டுவிரலை நினைத்துப் பாருங்கள். மேல் வரிசையில் ண, ச, ஞ. நடு வரிசையில் ந, ய. கீழ் வரிசையில் ழ. ஆறு எழுத்து ஒரே சுண்டுவிரலில். ஆங்கிலத்தில் அந்த விரலுக்கு ஒரே எழுத்து, மீதியெல்லாம் நிறுத்தக்குறி. அதனால் ஆங்கிலம் அடிக்கிறவர் 60, 65 சென்டிநியூட்டன் ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது என்று சொல்வதை நம்பி நீங்கள் வாங்கக் கூடாது. 45-க்கு மேல் போகாதீர்கள். ஹாட்-ஸ்வாப் (சால்டரிங் இல்லாமல் ஸ்விட்சைக் கழற்றி மாட்டக்கூடிய) போர்டாக இருந்தால் அந்த ஆறு கீக்கு மட்டும் 35 போடலாம், மற்றவற்றில் 45.

40 சதவீதக் குட்டி கீபோர்டுகளில் அடைப்புக்குறிக் கீகளே இராது, அதாவது ச-வும் ஞ-வும் இராது. 60 சதவீதத்தில் (61 கீ) எல்லாம் இருக்கும். அதற்குக் கீழே இறங்காதீர்கள். கீயின் வேலையை மாற்ற உதவும் விஐஏ மென்பொருளை ஏற்கும் போர்டு என்றால் குரோம் உலாவியிலேயே திறந்து, விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்ந்த கட்டளையைக் கேப்ஸ் லாக்கில் போட்டுவிடுங்கள். ஒரே தட்டில் தமிழ், மறு தட்டில் ஆங்கிலம்.

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்தக் காலத்தில் யார் தமிழ்99 கற்றுக்கொள்வது? ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாகும் ஒலிபெயர்ப்பு முறையில் அடித்தால் சுண்டுவிரல் பிரச்சினையே இல்லையே. (கோவை)

சுண்டுவிரல் பிரச்சினை இடது பக்கம் போய்விடும், அவ்வளவுதான். ண, ள இரண்டுக்கும் ஷிஃப்ட் பிடிப்பது எந்த விரல்? எண்ணிப் பார்ப்போம். 'வணக்கம்': தமிழ்99-இல் வ, ண, க, க, ம, புள்ளி. ஆறு தட்டு. க-வை இரண்டு முறை அடித்தால் முதல் க-வுக்குப் புள்ளி தானாக விழும். ஒலிபெயர்ப்பில் எட்டு எழுத்து, ஒரு ஷிஃப்ட், ஆக ஒன்பது. 'கொண்டிருந்தார்கள்': தமிழ்99-இல் 15, ஒலிபெயர்ப்பில் 16-உம் இரண்டு ஷிஃப்டும்.

அந்தத் தானியங்கிப் புள்ளிதான் தொல்லை. 'பப்பாளி' அடித்துக் காட்டுங்கள் பார்க்கலாம்! (அதே கோவை)

நல்ல கேள்வி. முதல் ப-வுக்குப் பிறகு அ அடித்தால் தானியங்கிப் புள்ளி நிற்கும். ப, அ, ப, ப, ஆ, ள, இ. ஏழு. ஒலிபெயர்ப்பில் எட்டு எழுத்து, ள-வுக்கு ஒரு ஷிஃப்ட், ஒன்பது. பப்பாளியிலும் நீங்கள் தோற்றீர்கள்.

தட்டு எண்ணிக்கை மட்டும்தான் வேகமா? பத்து வருடமாக ஆங்கிலம் அடித்த கைக்கு எழுத்து இருக்கும் இடம் தெரியும். ஒரு நாளில் இருபது வரி தமிழ் அடிக்கிறவன் எதற்காகப் புது வரிசை பழக வேண்டும்? (மீண்டும் கோவை)

இருபது வரிக்குப் பழக வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். கேட்டவர் ஐந்தாறு மணி நேரம் அடிக்கிறவர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு அது. உயிர் இடது கையில், மெய்யில் பெரும்பாலும் வலது கையில் என்று பிரித்ததால் கை மாறி மாறி அடிக்கும். நீண்ட வேலைக்கு அதன் அருமை தெரியும். நீங்கள் ஒலிபெயர்ப்பிலேயே இருங்கள். ஆனால் இடது ஷிஃப்ட் ஆட்டம் இல்லாத போர்டாக வாங்குங்கள்.

நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுங்கள். நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். எனக்கு எது? (தஞ்சாவூர்)

இ-கலப்பையில் பழைய தட்டச்சுப்பொறி அமைப்பும் இருக்கிறது, அதையே வையுங்கள் அம்மா. தட்டச்சுப்பொறியில் பழகிய கை ஓங்கி அடிக்கும், மென்மையான சிவப்பில் தவறுதலாக எழுத்து விழும். 60 சென்டிநியூட்டன் கறுப்பு ஸ்விட்ச் பொருந்தும். மேலே சொன்ன ரப்பர் வளையம் உங்களுக்குத்தான் உபயோகம்.

பழுப்பு நல்லதா நீலம் நல்லதா? (சேலம்)

இரண்டாவது பதில்.

ஒருமுறை அடித்தால் இரண்டு எழுத்து விழுகிறது. வாங்கி எட்டு மாதம். (நாகர்கோவில்)

ஸ்விட்சுக்குள் உலோகத் தகடுகள் தொடும் இடத்தில் தூசி அல்லது களிம்பு. தகடு தொடும்போது நுண்ணிய அளவில் துள்ளும். போர்டு சில மில்லிநொடி பொறுத்துத்தான் எழுத்தை ஏற்கும். பல போர்டுகளுக்குள் ஓடும் க்யூஎம்கே மென்பொருளில் அது இயல்பாக 5 மில்லிநொடி. தொடும் இடம் கெட்டால் துள்ளல் அதைத் தாண்டும், எழுத்து இரட்டிக்கும்.

சோதிக்கும் வழி: ஹாட்-ஸ்வாப் என்றால் கெட்ட ஸ்விட்சைக் கழற்றி, யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக் ஸ்விட்சுடன் இடம் மாற்றுங்கள். கோளாறு ஸ்விட்சோடு போனால் புது ஸ்விட்ச் போதும். அதே இடத்தில் நின்றால் ஸ்விட்ச் செருகும் சாக்கெட் அல்லது உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை. இங்கே ஒரு எச்சரிக்கை: செருகும் முன் ஸ்விட்சின் இரண்டு உலோகக் காலும் நேராக நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்று மடங்கியிருக்க நீங்கள் அழுத்தினால் சாக்கெட் பலகையிலிருந்து பெயர்ந்து வரும்; பிறகு சால்டரிங் கடைதான். இடுக்கியால் காலை நிமிர்த்தி, சாக்கெட்டின் அடியில் விரலால் தாங்கிக்கொண்டு அழுத்துங்கள்.

ஹாட்-ஸ்வாப் என்றால் எந்த ஸ்விட்சும் போடலாம்தானே? (யாழ்ப்பாணம்)

இல்லை. மலிவுப் போர்டுகள் சிலவற்றில் அவுட்டெமுவின் பழைய சாக்கெட் இருக்கும். துளை சிறியது, மெல்லிய கால் உள்ள அவுட்டெமு ஸ்விட்ச் மட்டுமே போகும். வேறு ஸ்விட்சைத் திணித்தால் கால் மடங்கும், மேலே சொன்னது நடக்கும். மூன்று கால், ஐந்து கால் என்றும் உண்டு. ஐந்தில் கூடுதல் இரண்டும் பிளாஸ்டிக், மூன்று கால் பலகையில் போட நகவெட்டியால் வெட்டிவிடலாம். உலோகக் காலை வெட்டிவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், வெட்டுகிறார்கள்.

ஸ்பேஸ்பார் கடகட என்கிறது. ஸ்டெபிலைசர் மாற்றச் சொல்கிறார்கள். வீட்டில் 4 கேவிஏ இருக்கிறதே? (வேலூர்)

ஃப்ரிட்ஜ் பக்கத்தில் இருப்பது வேறு. நீளமான கீ சாயாமல் இறங்க அடியில் ஒரு கம்பி இருக்கும், அதற்கும் அதே பெயர். மாற்ற வேண்டாம். கீகேப்பைக் கழற்றி, கம்பி வளைந்து உள்ளே போகும் இரு முனையிலும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் ஒரு கடுகளவு தடவுங்கள். அதிகம் தடவினால் ஸ்பேஸ்பார் மேலே வரத் தயங்கும். சமையல் எண்ணெய், தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் எதுவும் கூடாது.

காபி கொட்டிவிட்டது. (பெயர் இல்லை)

இதைப் படிக்கும் முன் கேபிளைப் பிடுங்கியிருக்க வேண்டும். கவிழ்த்து வையுங்கள். கீகேப் கழற்றுங்கள். ஹாட்-ஸ்வாப் என்றால் நனைந்த பகுதி ஸ்விட்சுகளையும் எடுத்து, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பலகையைத் துடையுங்கள். பாலும் சர்க்கரையும் காய்ந்தால் பிசினாகும், அதனால் ஆறப்போடாதீர்கள். இரண்டு நாள் மின்விசிறிக் காற்றில் காயட்டும். ஹேர் டிரையர் வேண்டாம். திரும்பச் செருகும்போது கால் நேராக இருக்கிறதா பாருங்கள்.

வயர்லெஸ் வாங்கினேன். சில சமயம் எழுத்து விட்டுப்போகிறது. (பெங்களூரு)

ரிசீவரை நீல நிற யூஎஸ்பி 3 துளையில் செருகியிருப்பீர்கள். யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் எழும்பும், குறிப்பாக அருகிலேயே ஹார்ட் டிஸ்க் ஓடினால். ரிசீவர் வேலை செய்வதும் அதே 2.4-இல். யூஎஸ்பி 2 துளைக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு நீட்டிப்புக் கேபிளில் மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள்.

கீகேப் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கா பிபிடி பிளாஸ்டிக்கா?

பிபிடி. ஏபிஎஸ் சீக்கிரம் பளபளக்கும்.

கேமிங்குக்கு எது?

இன்று இல்லை.

அண்ணா, நீலம் வாங்கலாமா பழுப்பு வாங்கலாமா?

சேலத்துக்காரரைக் கேளுங்கள். அவருக்கு இப்போது தெரிந்திருக்கும்.

கீபோர்டுக்குள் எறும்பு போகிறது. மருந்து அடிக்கலாமா? (காரைக்கால்)

ஸ்பிரே அடித்தால் எறும்பு சாகும், மருந்து தொடும் தகட்டில் படலமாகப் படியும், பிறகு நாகர்கோவில்காரர் கேட்ட கேள்வியோடு வருவீர்கள். கேபிளைக் கழற்றிக் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டுங்கள். கீகேப்பை எல்லாம் பிடுங்கி, உலர்ந்த பெயின்ட் பிரஷால் தட்டின் மேல் இருக்கும் முறுக்குத் தூளைத் துடையுங்கள். எறும்பு வந்தது அதற்குத்தான். கீகேப்பை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, உள்பக்கம் ஈரம் போகும்வரை ஒரு நாள் துணியில் பரப்பி வைத்துவிட்டு மாட்டுங்கள். பிடுங்குவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பேஜ் அப்பும் பேஜ் டவுனும் இடம் மாறி உட்காரும்.