அண்ணனிடம் எப்படிக் கேட்பது? – கடிதம்

ஐயா, வணக்கம்.

உங்கள் தளத்தைப் பல வருஷமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பெயர் போட வேண்டாம். ஊர் கடலூர் முதுநகர் என்று போட்டுக்கொள்ளலாம்.

என் அண்ணனுக்கு 51 வயது. பாண்டியில் முதலியார்பேட்டையில் தனியாக இருக்கிறார். மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில் மூடிய பிறகு ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொஞ்ச நாள், அப்புறம் ஓர் அபார்ட்மென்ட்டில் மோட்டார் பார்த்துக்கொள்ளும் வேலை. இப்போது அதுவும் இல்லை. அண்ணி பிரிந்துபோய் நாலு வருஷம் ஆகிறது. மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள்.

முன்பெல்லாம் கல்யாணம், காதுகுத்து என்றால் முதல் ஆளாக வந்து பந்தியில் நிற்பார். இப்போது நேரில் போய்ப் பத்திரிகை வைத்தாலும் வருவதில்லை. தீபாவளிக்குக் கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா, பொங்கலுக்கு நான் போனபோது ஒட்டின டேப்கூடப் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. சாயங்காலமானால் குடிக்கிறார், வீட்டிலேயே, தனியாக.

போன மாதம் திடீரென்று பஸ் ஏறி வந்தார். ஒரு மஞ்சப்பையைக் கொடுத்து, "எல்ஐசி பத்திரம், பாஸ்புக், வீட்டுப் பத்திரம் எல்லாம் இதுல இருக்கு. உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கேட்டுவிடலாம் என்று வாய்வரை வருகிறது. கேட்டால் நானே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என் வீட்டுக்காரர், "ஆம்பளைக்கு ஆயிரம் இருக்கும், நீ நோண்டாதே" என்கிறார். பெரியவர்கள் இன்னொரு கல்யாணம் செய்துவைக்கலாம் என்கிறார்கள். மகளிடம் சொல்லலாமா என்றும் தெரியவில்லை.

நீங்கள் டாக்டர் இல்லை என்று தெரியும். ஆனாலும் யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருந்தது.

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதம் வந்த அன்றே சுருக்கமாக உங்களுக்குப் பதில் அனுப்பியிருந்தேன். உங்கள் வீட்டைப் போல இன்னும் பல வீடுகள் இருக்கும் என்பதால், உங்கள் சம்மதத்தோடு இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பயம். கேட்பதால் தற்கொலை எண்ணம் முளைக்காது. இதைப் பல நாடுகளில் திரும்பத் திரும்ப ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். மனசுக்குள் அந்த எண்ணத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவருக்கு ஒருவர் வாய்விட்டுக் கேட்பது பெரும்பாலும் ஆறுதலாகத்தான் இருக்கிறது. பத்திரங்களை ஒப்படைப்பது, ஆசையாய் வைத்திருந்ததைக் கொடுத்துவிடுவது, "இனிமே என்ன இருக்கு" என்று பேசுவது, தனியாகக் குடிப்பது, இதையெல்லாம் மனநல மருத்துவர்கள் எச்சரிக்கைக் குறிகளாகவே எடுத்துக்கொள்கிறார்கள். உங்களுக்குத் தூக்கம் போனதில் நியாயம் இருக்கிறது.

எப்படிக் கேட்பது? "தப்பான முடிவு" என்றெல்லாம் சுற்றி வளைக்க வேண்டாம். "தப்பா எதுவும் பண்ணிக்க மாட்டியே?" என்று கேட்டால், "மாட்டேன்" என்ற பதிலை நீங்களே அவர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். "அண்ணா, அந்தப் பையைக் கொடுத்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. செத்துடலாம்னு தோணுதா உனக்கு?" என்று நேராகக் கேளுங்கள். போனில் வேண்டாம். அவர் குடிக்காத நேரத்தில், காலையில் போய், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டபிறகு வாயைத் திறக்காதீர்கள். நம் ஆட்களுக்கு வராத வித்தை அது. எதிராளி ஒரு நிமிஷம் பேசாவிட்டால் நாம் பேச ஆரம்பித்துவிடுவோம்.

ஆமாம் என்று சொன்னால், "பொண்ணை நினைச்சுப் பார்த்தியா?" என்று ஆரம்பிக்க வேண்டாம். அவர் நினைக்காமலா இருப்பார்? தான் இல்லாவிட்டால் அவளுக்குச் சுமை குறையும் என்றுதான் அந்த நிலையில் மனசு கணக்குப் போடும். எப்படி, எப்போது என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். யோசித்திருக்கிறார் என்றால் அன்று அவரைத் தனியாக விடாதீர்கள். ஆபத்தான பொருள் வீட்டில் எது இருந்தாலும் அப்புறப்படுத்துங்கள். இதை அற்பமாக நினைக்க வேண்டாம். நம் மாவட்டத்திலேயே காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கட்டடத்தில் ஆளுக்கொரு பெட்டியில் பூட்டி வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்து, 2013ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். சாக வேண்டும் என்ற வேகம் உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் ஆஸ்பத்திரி. கோரிமேட்டில் ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் இருக்கிறது. அவசரம் என்றால் நேரமே பார்க்க வேண்டாம், ஜிப்மர் அவசரப் பிரிவுக்கே கூட்டிப் போய்விடலாம். "போலீஸ் கேஸ் ஆகிடும்" என்று யாராவது பயமுறுத்துவார்கள். அப்படி ஒருவர் முயன்றிருந்தால்கூட, கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. இவர் முயலக்கூட இல்லை. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. அண்ணன் பேச மாட்டார் என்றால் நீங்களே கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்கலாம்.

இனி உங்கள் வீட்டுக்காரர் சொன்னதற்கு வருகிறேன். ஆம்பளைக்கு ஆயிரம் இருக்கும் என்றாரே, அந்த ஆயிரத்தையும் சொல்ல ஓர் ஆள் இல்லாததுதான் இங்கே பிரச்சினை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். பத்தில் ஏழு பேர் ஆண்கள். ஏறக்குறைய பாதிப்பேர் 30லிருந்து 60 வயதுக்குள் இருந்தவர்கள். லட்சம் பேருக்கு நாடு முழுவதும் 12.4 என்றால் புதுச்சேரியில் 29.7. சந்துக்குச் சந்து தெரிந்தவர்கள் இருக்கும் ஊர் என்று நாம் பெருமை பேசும் பாண்டியின் நிலை இது.

ஐம்பது வயது ஆளைத் தனித்துப் போனவர் என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. கிழவர் தனியாக இருந்தால் எதிர்வீட்டுக்காரராவது எட்டிப் பார்ப்பார். காலேஜ் பையன் அறையைச் சாத்திக்கொண்டால் அம்மா கதவைத் தட்டுவாள். நடுவயது ஆணிடம் ஊரே கேட்பது "இப்ப என்ன பண்றீங்க?" என்ற ஒரே கேள்விதான். அதற்குப் பதில் இல்லாதவர் கல்யாண மண்டபத்துக்கு எப்படி வருவார்? பந்தியில் நின்று பரிமாறிய மனிதர் வராமல் போனதற்குக் காரணம் உறவுகள் மேல் கோபமாக இருக்காது. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் இருக்கும்.

ஆண்களின் சிநேகம் பெரும்பாலும் ஒரு வேலையை ஒட்டிக்கொண்டுதான் வளர்கிறது. ஒரே ஷிஃப்ட், ஒரே டீக்கடை பெஞ்சு, ஒரே சங்கம். பாண்டி மில்காரர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் போலீஸின் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்களைப் பறிகொடுத்து எட்டு மணி நேர வேலையை வாங்கியவர்களின் வாரிசுகள் அவர்கள். மில்லுக்குள் போனால் ஒரு கூட்டத்தின் ஆள். கேட்டைப் பூட்டியபோது சம்பளத்தோடு அந்தக் கூட்டமும் போய்விட்டது. பழைய கூட்டாளிகள் இன்னமும் அதே தெருக்களில்தான் இருப்பார்கள், சந்திக்க ஒரு சாக்கு இல்லை, அவ்வளவுதான். உறவுக்காரர்களைப் பொறுத்தவரை நம் வீடுகளில் போன் பண்ணுவதும் விசாரிப்பதும் மனைவியின் வேலை. அண்ணி போனதும் அந்தக் கம்பியும் அறுந்திருக்கும்.

குடியையும் இதோடு சேர்த்தே பாருங்கள். பாண்டியில் ஒருவர் குடிப்பதை யாரும் ஒரு குறியாக எடுத்துக்கொள்வதில்லை, அந்த ஊரில் அது அவ்வளவு சகஜம். ஆனால் சோர்ந்த மனசை மது இன்னும் கீழே தள்ளும். யோசித்து நிறுத்தும் சக்தியையும் குறைத்துவிடும். டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இது.

இன்னொரு கல்யாணம் என்ற யோசனையை இப்போதைக்குப் பெரியவர்களிடமே விட்டுவையுங்கள். அதே 2022 கணக்கில் இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் திருமணமானவர்கள். (நம் நாட்டில் வயது வந்தவர்களில் பெரும்பாலோர் திருமணமானவர்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.) தாலி ஒரு சிகிச்சை இல்லை, அதற்காக ஒரு பெண்ணை இதில் இழுத்துவிடுவது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

அப்படியானால் எது உதவும்? 2008ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று வெளியானது. நடந்த ஐந்து இடங்களில் ஒன்று சென்னை. தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பகுதியினரோடு வீடு திரும்பும் முன் ஒரு மணி நேரம் பேசினார்கள், பிறகு ஒன்றரை வருஷத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ "எப்படி இருக்கீங்க?" என்று விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பிறகு தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். அதற்கும் வெகுகாலம் முன்பே ஜெரோம் மோட்டோ என்ற மருத்துவர் சான்ஃபிரான்சிஸ்கோவில், மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன நோயாளிகளுக்குச் சின்னச் சின்னக் கடிதங்கள் அனுப்பிப் பார்த்தார். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள், இவ்வளவுதான் விஷயம். கடிதம் பெற்றவர்களிடையே, முக்கியமாக முதல் இரண்டு வருஷங்களில், தற்கொலை குறைவாக இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன். சாவைப் பற்றிய கேள்வியை ஒருமுறை ஒளிவுமறைவில்லாமல் கேட்டுவிடுங்கள். ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் மறுபடியும் கேட்கத்தான் வேண்டும். மற்றபடி நீங்கள் போகும்போதெல்லாம் விசாரணை வேண்டாம். வேலை தேடினாயா, குடித்தாயா, சாப்பிட்டாயா என்று பட்டியல் போட்டால் உங்கள் நம்பரைப் பார்த்தாலே போனை எடுக்க மாட்டார். முதுநகரிலிருந்து முதலியார்பேட்டைக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம்தானே? ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு போங்கள், பேச ஒன்றுமில்லாவிட்டாலும் போங்கள். நடுவில் போனில் இரண்டு வார்த்தை. யாரோ அனுப்பிய பூப்படக் குட்மார்னிங்கை அவருக்குத் தள்ளிவிடுவதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். அவருக்கென்று நீங்களே எழுதிய ஒரு வரி வேண்டும்.

அவரிடம் உதவி கேளுங்கள். ஃபிட்டர் அல்லவா? முதுநகர் உப்புக்காற்றில் எந்த வீட்டு மோட்டார் ஒழுங்காக ஓடுகிறது! நீங்கள் பொய்யாக எதையும் கெடுத்துவைக்க வேண்டியதில்லை. "நீ வந்து பார்த்தால்தான் சரிப்படும்" என்று கூப்பிடுங்கள். அவருடைய பழைய ஷிஃப்ட் கூட்டாளி ஒருவரையாவது கண்டுபிடித்து, வாரத்தில் ஒரு நாள் டீக்கடைக்கு இழுத்துப் போகச் சொல்லுங்கள். ஆனால் இதெல்லாம் டாக்டருக்கு மாற்று என்று நினைத்துவிடாதீர்கள். மருந்து எழுதிக் கொடுத்தால் அதைச் சரியாகச் சாப்பிட வைப்பதற்கும் ஓர் ஆள் வேண்டும்.

மகளிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அண்ணனிடம் பேசிவிட்டு, அவளிடம் சொல்லப்போவதை அவருக்கும் தெரிவித்துவிட்டு, சொல்லுங்கள். அப்பாவுக்கு மனசு சரியில்லை, அத்தை கூட இருக்கிறேன், டாக்டரிடம் காட்டப்போகிறோம், இந்த அளவுக்குப் போதும். அவளுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. "உன் அப்பா உயிர் உன் கையில்" என்று அந்தப் பெண் தலையில் யாரும் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டுவதற்காக அப்பாவுக்குப் போன் பண்ணினால் போதும்.