தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20% வாட்: கேள்வி பதில்

பிரிட்டனில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 2025 ஜனவரி 1 முதல் 20 சதவீத வாட் வரி. வாட் கணக்குப் பார்ப்பது என் தொழில். இந்த வரி கூடாது என்பது என் கட்சி. இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

ஹாரோ வாசகி: அண்ணா, வரி 20 சதவீதம். எங்கள் பள்ளி 14 சதவீதம்தான் ஏற்றியிருக்கிறது. இதில் ஏதாவது சூட்சுமம் இருக்கிறதா?

இல்லை தங்கச்சி, கணக்கே அப்படித்தான். பள்ளி தன் செலவுகளுக்குக் கட்டும் வாட்டை வரித்துறையிடம் முன்பு திரும்பக் கேட்க முடியாது, இப்போது முடியும். பருவத்துக்கு 6,000 பவுண்டு வாங்கும் பள்ளிக்கு அதில் 300 மிச்சமானால், அடிப்படைக் கட்டணத்தை 5,700 ஆக்கி, 1,140 வரி சேர்த்து, 6,840 கேட்கும். உயர்வு 14 சதவீதம்.

ஆனால் சூட்சுமம் வேறிடத்தில் இருக்கிறது. இரண்டரை லட்சம் பவுண்டுக்கு மேல் செலவழித்துக் கட்டடம் எழுப்பிய பள்ளி, கடந்த பத்து ஆண்டுக்குள் கட்டியது என்றால், அன்று கொடுத்த வாட்டில் ஒரு பங்கை இப்போது திரும்பப் பெறலாம். நீச்சல் குளமும் நாடக அரங்கும் கட்டிய பெரிய பள்ளிக்கு வரித்துறையிடமிருந்தே காசு வரும். செலவில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளமாகவே போகும் சின்னப் பள்ளிக்கு? சம்பளத்துக்கு வாட் கிடையாது, திரும்பக் கேட்கவும் ஒன்றும் இல்லை. வசதி படைத்தவர்களிடம் வாங்குவோம் என்று கிளம்பிய வரியின் லட்சணம் இது.

டூட்டிங் வாசகர்: நாட்டில் 7 சதவீதப் பிள்ளைகள்தான் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். மிச்ச 93 சதவீதத்துக்காக அவர்கள் கொஞ்சம் கொடுத்தால் என்ன?

நியாயமான கேள்வி. அரசுப் பள்ளிகளுக்குப் பணம் வேண்டும், 6,500 ஆசிரியர்களைக் கூடுதலாக நியமிக்கிறோம் என்கிறார்கள், அதையும் நான் குறை சொல்லவில்லை. எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதுதான் என் சண்டை. வருமான வரி சம்பாத்தியத்தைப் பார்த்து வாங்கும். வாட் ஆள் பார்க்காது. 6,000 பவுண்டு கட்டணத்தில் கோடீஸ்வரருக்கு எவ்வளவு ஏறுகிறதோ, நைட் ஷிப்ட் சேர்த்துப் பார்த்து ஒரே பிள்ளையைப் படிக்கவைக்கும் நர்ஸுக்கும் அதேதான். முன்னவர் கவனிக்கக்கூட மாட்டார், பின்னவர் பிள்ளையை நிறுத்திவிடுவார். காலப்போக்கில் தனியார் பள்ளிகளில் 37,000 பிள்ளைகள் குறைவார்கள் என்பது அரசாங்கமே போட்ட கணக்கு.

இந்த வரியை எதிர்க்கும் நம் ஆட்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ‘அரசுப் பள்ளி இடத்தை நாங்கள் பயன்படுத்தவில்லை, எதற்கு வரி’ என்ற வாதத்தை விட்டுவிடுங்கள். பிள்ளையே இல்லாதவரும்தான் கல்விக்கு வரி கட்டுகிறார்.

ஈஸ்ட் ஹாம் வாசகி: மகனுக்கு ஆட்டிசம். சின்ன வகுப்பு என்பதால் தனியாரில் சேர்த்தோம். எங்களுக்கு விலக்கு உண்டா?

கிடையாது அம்மா. இந்த வரியில் என்னால் ஜீரணிக்க முடியாத இடம் இதுதான். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு என்ன உதவி வேண்டும் என்று உள்ளூர் கவுன்சில் எழுதிக் கொடுக்கும் இ.எச்.சி.பி. திட்டத்தில் அந்தப் பள்ளியின் பெயர் இருந்து, கவுன்சிலே கட்டணம் கட்டினால், வாட்டை அது திரும்ப வாங்கிக்கொள்ளும். திட்டம் இல்லாத பெற்றோர் முழுசாகக் கட்ட வேண்டும்.

உடனே விண்ணப்பியுங்கள். மதிப்பீடு செய்வோமா மாட்டோமா என்று ஆறு வாரத்தில் சொல்ல வேண்டும், திட்டத்தை 20 வாரத்துக்குள் தர வேண்டும், சட்டம் அப்படி. மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போங்கள், அங்கே பெரும்பாலும் பெற்றோர் பக்கம்தான் தீர்ப்பு வருகிறது. ஸ்பீச் தெரபிஸ்ட் அறிக்கை, ஆசிரியர் அனுப்பிய மின்னஞ்சல், ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

லெஸ்டர் வாசகர்: நர்சரி, சாப்பாடு, ஹாஸ்டலுக்கும் வரியா?

ஹாஸ்டலுக்கு உண்டு. சாப்பாட்டுக்கும் பள்ளி வண்டிக்கும் பொதுவாக இல்லை. நர்சரிக்கு இல்லை, நர்சரிக்கு அடுத்த ரிசப்ஷன் வகுப்பிலிருந்து உண்டு.

குரோய்டன் வாசகி: மகள் பத்தாம் ஆண்டு. அரசுப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வுக்கான பாடம் பாதி ஓடியிருக்கும். புதுப் பள்ளி வேறு தேர்வு வாரியத்தில் இருந்தால் ஆங்கில இலக்கியத்தில் நாடகமே மாறிவிடும், வரலாற்றில் காலகட்டமே மாறிவிடும். முடிந்தால் தேர்வுவரை ஓட்டிவிட்டு, அதற்கு அடுத்த இரண்டு ஆண்டான சிக்ஸ்த் ஃபார்முக்கு மாற்றுங்கள். இந்த வரியைக் கல்வியாண்டின் நடுவில், ஜனவரியில் கொண்டுவந்தவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

வெம்பிளி வாசகர்: தம்பி, கோர்ட்டிலேயே தோற்றாயிற்று. இன்னும் எதற்குக் கத்துகிறீர்கள்?

ஆமாம் ஐயா, இந்த வரியை எதிர்த்துப் போட்ட வழக்கை 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் வரி நல்லது என்று அது சொல்லவில்லை. முடிவெடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. அப்படியென்றால் போக வேண்டிய இடம் நாடாளுமன்றம்தானே? கிரீஸ் நாடும் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 23 சதவீத வாட் என்று 2015ல் அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டது.

முழு வரியையும் நீக்கு என்றால் இன்றைக்கு எம்.பி. கேட்கமாட்டார். இ.எச்.சி.பி. திட்டம் இல்லாத சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்காவது விலக்கு கொடு என்று கேளுங்கள். ஆளுங்கட்சிக்காரரே அதைச் சட்டென்று மறுக்கச் சங்கடப்படுவார். கடிதத்தைச் சொந்தமாக எழுதுங்கள். வெட்டி ஒட்டிய மாதிரிக் கடிதத்துக்கு, அவர் அலுவலகத்திலும் ஒரு மாதிரிப் பதில் தயாராக இருக்கும்.