ஆர்ஓ வேஸ்ட் தண்ணிய என்ன பண்றது?

கேள்வி: எங்க வீட்டு ஆர்ஓ மெஷின்ல ஒரு குடம் நல்ல தண்ணி வர்றதுக்குள்ள மூணு குடம் சாக்கடைக்குப் போவுது சார், வயிறு எரியுது. - வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: எரியத்தாம்மா செய்யும், பாலாறு மணலா கெடக்க, மேட்டூர்லருந்து காவேரித் தண்ணி பைப்புல வர்ற ஊராச்சே. அந்த வேஸ்ட் தண்ணி சாக்கடைக்குப் போற ட்யூப்ப புடுங்கி பக்கெட்ல விடுங்க, வாசல் தெளிக்க, வீடு தொடைக்க, பாத்ரூம்ல ஊத்த எல்லாத்துக்கும் ஆவும். செடிக்கு மட்டும் தெனம் ஊத்தாதீங்க, உப்பு பூரா அதுலதான் சேந்து வருது, எங்க வீட்டு கருவேப்பிலக் கன்னு அப்பிடித்தான் நுனி கருகிப் போச்சு. இன்னொண்ணு, காவேரித் தண்ணி வர்ற அன்னிக்கு டிடிஎஸ் மீட்டர் (தண்ணில கரைஞ்சிருக்கற உப்ப அளக்கற கருவி) வெச்சுப் பாருங்க, 500க்குக் கீழ இருந்தா உப்புக்காக ஆர்ஓ போடவே வேணாம், கொதிக்க வெச்சு ஆறவிட்டுக் குடிங்க.