டோபோஷீட்டில் பேரிங் அளந்தால் ஆளுக்கு ஒரு விடை வருகிறது. எது சரி, ஏன்?

கேள்வியின் சுருக்கம்: பி.ஏ. புவியியல் செய்முறை வகுப்பு. 1:50,000 டோபோஷீட்டில் (நிலத்தோற்றத்தைக் காட்டும் வரைபடம்) ஒரு கோயில் (கிரிட் எண் 342615), ஒரு பாலம் (398571). கோயிலிலிருந்து பாலத்தின் பேரிங் (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கும் திசைக்கோணம்) என்ன? வகுப்பில் 128°, 52°, 38°, 308° என்று நான்கு விடைகள் வந்தன. காம்பஸ் வைத்து அளக்க வேண்டுமா, கோணமானி போதுமா?

128° சரி. கோணமானி போதும். மற்ற மூன்று விடைகளைப் பார்த்தாலே யார் என்ன செய்தார்கள் என்று சொல்லிவிடலாம், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

308° எழுதியவர் வடக்குக் கோட்டைப் பாலத்தில் போட்டுவிட்டார். 308 − 180 = 128. அவர் அளந்தது பாலத்திலிருந்து கோயிலுக்கான பேரிங், அதாவது பின் பேரிங். அளவில் தப்பில்லை, முனைதான் மாறிவிட்டது. கேள்வியில் ‘இலிருந்து’ எந்தப் பெயரோடு ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் பென்சில் முதலில் இறங்க வேண்டும். வினாத்தாளில் அந்தப் பெயரை அடிக்கோடிட்டுவிட்டு ஷீட்டைப் பாருங்கள். உங்கள் விடைக்கும் சரியான விடைக்கும் சரியாக 180° வித்தியாசம் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

52° எழுதியவர் சரியாக வைத்து, தவறான வரிசையைப் படித்திருக்கிறார். கோணமானியில் உள்வரிசை, வெளிவரிசை என்று இரண்டு எண் வரிசைகள் உண்டு. ஒரே இடத்தில் ஒன்று 128 என்றால் மற்றது 52. வடக்கு முனையில் எந்த வரிசை 0 காட்டுகிறதோ அதைத்தான் படிக்க வேண்டும். ஆனால் இதே 52-ஐ அவர் ‘தெ 52° கி’ என்று எழுதியிருந்தால் சரி. தெற்கிலிருந்து கிழக்கு நோக்கி 52° என்ற கால்வட்ட முறை அது. கேள்வி எந்த முறையில் கேட்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதுவும் சொல்லாவிட்டால் 0 முதல் 360 வரை போகும் முழுவட்ட முறையில் எழுதுங்கள்.

38° கணக்குப் பாடத்தின் பழக்கம். கணக்கில் கோணம் வலப்பக்கக் கிடைக்கோட்டில் தொடங்கி இடஞ்சுழியாகப் போகும். பேரிங் உச்சியில் தொடங்கி வலஞ்சுழியாகப் போகும். இவர் கோணமானியின் அடிக்கோட்டைக் கிழக்கு மேற்காகப் படுக்க வைத்துவிட்டார். கிழக்கிலிருந்து கீழே 38°. அதோடு 90 கூட்டினால் 128.

இந்த மூன்றையும் தடுக்க ஒரு பழக்கம் போதும். கோணமானியைத் தொடும் முன்பே உத்தேச விடையைச் சொல்லிவிடுங்கள். பாலம் கோயிலுக்கு வலப்பக்கம், கீழே. ஆகவே விடை 90-க்கும் 180-க்கும் நடுவில்தான் இருக்க முடியும். 52, 38, 308 மூன்றும் அங்கேயே விழுந்துவிடும்.

இனி அளக்கும் முறை. கூர்மையாகச் சீவிய ஹெச் அல்லது 2ஹெச் பென்சில் வேண்டும். மழுங்கிய ஹெச்பி போடும் கோட்டின் தடிப்பிலேயே அரை பாகை போய்விடும். இரண்டு குறியீடுகளிலும் அளக்கும் புள்ளியை முடிவு செய்து ஒரு சிறு புள்ளி வையுங்கள். ஸ்கேல் வைத்து இணையுங்கள்.

அடுத்து எல்லோரும் செய்வது, கோயில் வழியாகக் கண் மதிப்பில் ஒரு வடக்குக் கோடு வரைவது. அதைச் செய்ய வேண்டாம். கோயிலின் ஈஸ்டிங் (கிரிட் எண்ணின் முதல் மூன்று இலக்கம், கிழக்கு நோக்கிய தூரம்) 34.2, பாலத்தின் ஈஸ்டிங் 39.8, நீங்கள் வரைந்த கோடு 35, 36, 37, 38, 39 ஆகிய ஐந்து செங்குத்துக் கிரிட் கோடுகளை வெட்டியே போகிறது. கிரிட் கோடுகள் இணையானவை என்பதால் எந்த வெட்டுப்புள்ளியில் அளந்தாலும் கோணம் ஒன்றுதான். அச்சில் ஏற்கனவே கோடு இருக்கும்போது கையால் இன்னொன்று வரைந்து அதில் ஒரு பிழையைச் சேர்ப்பானேன்? இரண்டு இடங்களும் ஒரே கட்டத்துக்குள் இருந்தால், இணைக்கும் கோட்டை ஒரு கிரிட் கோட்டைத் தொடும்வரை நீட்டிக்கொள்ளுங்கள்.

வெட்டுப்புள்ளியில் கோணமானியின் மையத்தை வையுங்கள். மையம் என்பது 0–180 கோட்டின் நடுப்புள்ளி. ஜியாமெட்ரி பாக்ஸில் வரும் பல கோணமானிகளில் அந்தக் கோடு பிளாஸ்டிக்கின் அடி விளிம்பில் இருக்காது, சில மில்லிமீட்டர் மேலே இருக்கும். விளிம்பைக் கிரிட் கோட்டில் பொருத்தினால் மையம் நகர்ந்துவிடும், விடை பல பாகை தவறும். 0–180 கோடு கிரிட் கோட்டின் மேல் முழு நீளத்துக்கும் படிந்திருக்கிறதா என்று இரு முனைகளிலும் பாருங்கள்.

இலக்கு கிழக்குப் பாதியில் இருந்தால் வளைவு வலப்பக்கம். மேலே உள்ள 0-விலிருந்து படித்தது அப்படியே விடை. மேற்குப் பாதியில் இருந்தால் வளைவை இடப்பக்கம் திருப்பி, கீழ் முனையில் 0 காட்டும் வரிசையைப் படித்து 180 கூட்டுங்கள். பாலத்திலிருந்து கோயிலை அளந்தால் அந்த வரிசை 128 காட்டும், 180 கூட்ட 308. 360° முழுவட்டக் கோணமானி வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. செய்முறைத் தேர்வு எழுதுபவர்களுக்கு அது வீண் செலவு ஆகாது. விடையை மூன்று இலக்கத்தில் எழுதுங்கள்: 45° அல்ல, 045°.

எவ்வளவு துல்லியம் கிடைக்கும்? அது கோட்டின் நீளத்தைப் பொறுத்தது. இந்தக் கணக்கில் கோடு சுமார் 14 செ.மீ.; ஒரு முனையில் அரை மில்லிமீட்டர் தவறினால் விடை 0.2° மட்டுமே நகரும். 2 செ.மீ. கோட்டில் அதே அரை மில்லிமீட்டர் 1.4° ஆகிவிடும். கோட்டை நீட்டினால் இந்தப் பிழை குறையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புள்ளி தவறியிருந்தால் நீட்டிய கோடும் அதே தவறான திசையில்தான் போகும். நீட்டுவது கோணமானியில் படிக்க வசதி, அவ்வளவுதான். அருகருகே உள்ள இரண்டு இடங்களின் பேரிங்கை அரை பாகை சுத்தமாகச் சொல்வதில் அர்த்தமில்லை.

அளந்ததைச் சரிபார்க்க கிரிட் எண்களே போதும். ஈஸ்டிங் வித்தியாசம் 398 − 342 = 56, அதாவது கிழக்கே 5.6 கி.மீ. நார்த்திங் (கடைசி மூன்று இலக்கம், வடக்கு நோக்கிய தூரம்) வித்தியாசம் 571 − 615 = −44, தெற்கே 4.4 கி.மீ. 5.6 ÷ 4.4-க்கு டான் நேர்மாறு 51.8°. தென்கிழக்குக் கால்வட்டம் என்பதால் 180 − 51.8 = 128.2°. தூரம் 7.1 கி.மீ.; 2 செ.மீ.-க்கு 1 கி.மீ. என்ற அளவில் ஷீட்டில் 14.2 செ.மீ. ஆறு இலக்கக் கிரிட் எண் 100 மீட்டர் கட்டத்தைத்தான் சுட்டும், எனவே இந்த விடையிலும் ஒரு பாகைக்குக் கொஞ்சம் குறைவான ஆட்டம் இருக்கலாம். கோணமானி 127 அல்லது 129 காட்டினால் கவலை வேண்டாம். 135 காட்டினால் மறுபடி வையுங்கள்.

காம்பஸ் விஷயம். பிளாஸ்டிக் தட்டின்மேல் சுழலும் வளையம் பொருத்திய காம்பஸ் உங்களிடம் இருந்தால் அதையும் கோணமானியாகப் பயன்படுத்தலாம். தட்டின் நீள விளிம்பைக் கோயில்–பாலம் கோட்டில் வையுங்கள். தட்டிலுள்ள பயண அம்பு பாலத்தை நோக்க வேண்டும். தட்டை அசைக்காமல், வளையத்தின் அடியிலுள்ள இணைகோடுகள் கிரிட் கோடுகளுக்கு இணையாகும்வரை வளையத்தைத் திருப்புங்கள். வளையத்தின் வடக்குக் குறி ஷீட்டின் மேற்புறம் இருக்க வேண்டும். பயண அம்பின் அடியில் உள்ள எண் விடை. இதில் மாணவர்கள் தடுமாறும் இடம் ஊசி. ஷீட்டில் அளக்கும்போது காந்த ஊசிக்கு வேலையே இல்லை, அது எந்தப் பக்கம் காட்டினாலும் விட்டுவிடுங்கள். அதனால்தான் இரும்பு மேசைமேல் வைத்து அளந்தாலும் விடை மாறாது. ஷீட்டையே வடக்கு நோக்கித் திருப்பி வைக்கும்போதும், களத்துக்குப் போகும்போதும்தான் ஊசி தேவைப்படும்.

ஜெராக்ஸ் எடுத்த துண்டு வரைபடத்தில் அளப்பவர்கள் முதலில் ஒரு கிரிட் கட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் ஸ்கேலால் பாருங்கள். இரண்டும் சமமாகச் சுருங்கியிருந்தால் தூரக் கணக்குதான் கெடும், கோணம் கெடாது. கணினியில் ஒட்டும்போது யாராவது பக்கவாட்டில் மட்டும் இழுத்திருந்தால் கதை வேறு. 10 சதவீதம் அகலமாக இழுத்த படத்தில் 045° கிட்டத்தட்ட 048° ஆகிவிடும். அந்தத் தாளில் எவ்வளவு கவனமாக அளந்தாலும் பயனில்லை. கிரிட் எண்ணை வைத்துக் கணக்கிடுவது ஒன்றே வழி.

இதுவரை அளந்தது கிரிட் வடக்கிலிருந்து, அதாவது செங்குத்துக் கிரிட் கோடு காட்டும் வடக்கிலிருந்து. தேர்வுக்குப் பெரும்பாலும் இது போதும். ஆனால் உண்மை வடக்கு (வட துருவத்தின் திசை), காந்த வடக்கு (காம்பஸ் ஊசி காட்டும் திசை) என்று கேட்டால் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். யூடிஎம் கிரிட் (உலகை 6° அகல மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் போடும் முறை) அச்சிட்ட ஷீட்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 15 நிமிடத்துக்கு 15 நிமிடம் அளவுள்ள ஷீட்டின் இட, வல ஓரங்கள் தீர்க்கரேகைகள். அவை உண்மை வடக்கைக் காட்டும். கிரிட் கோடுகள் அவற்றுக்கு இணையாக இருக்காது. மதுரைப் பக்கத்து ஷீட்டில் ஒரு கிரிட் கோட்டை அடியிலிருந்து உச்சிவரை, ஏறக்குறைய 55 செ.மீ., ஓரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே போகப் போக அரை சென்டிமீட்டர் அளவுக்கு இடப்பக்கம் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வுக் கோணத்தின் கணக்கு இதுதான்: தீர்க்கரேகையிலிருந்து மண்டலத்தின் மையத் தீர்க்கரேகையைக் கழித்து, அட்சரேகையின் சைனால் பெருக்க வேண்டும். மதுரை 78.1° கிழக்கு, 44-ஆம் மண்டலத்தின் மையம் 81°. −2.9 × 0.172 = −0.5°. குறை என்றால் கிரிட் வடக்கு உண்மை வடக்குக்கு மேற்கே. கோயம்புத்தூர் 43-ஆம் மண்டலத்தில், 75° மையத்துக்குக் கிழக்கே இருப்பதால் அங்கே +0.4°.

தமிழ்நாட்டுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இரண்டு மண்டலங்களும் பிரியும் 78° தீர்க்கரேகை திண்டுக்கல்லை ஒட்டிப் போகிறது. பழைய எண்ணில் சொன்னால் 58 எஃப்/15 ஷீட்டின் வல ஓரமும் 58 ஜே/3 ஷீட்டின் இட ஓரமும் அதுதான். யூடிஎம் கிரிட் போட்ட இரண்டு பக்கத்து ஷீட்டுகளை அங்கே ஒட்டி வைத்தால் கிரிட் கோடுகள் ஒன்றுக்கொன்று ஒரு பாகைக்கு மேல் முறுக்கி நிற்கும், ஈஸ்டிங் எண்களும் தொடராது. ஒரு ஷீட்டிலிருந்து அடுத்ததுக்கு அங்கே பேரிங் எடுக்க நேர்ந்தால் கிரிட்டை விட்டுவிட்டுத் தீர்க்கரேகையிலிருந்து அளப்பதே உத்தமம். இலங்கை மாணவர்களுக்கு இந்த வம்பு இல்லை. அங்கே தீவு முழுக்க ஒரே தேசியக் கிரிட், மையம் பிதுருதலாகல வழியாக. யாழ்ப்பாணத்தில்கூட விலகல் 8 நிமிடத்தைச் சுற்றித்தான்.

காந்த ஒதுக்கம் (காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து விலகும் கோணம்) நம் பகுதியில் சிறியது, மேற்குப் பக்கம். பிளஸ் டூ இயற்பியல் புத்தகம் சென்னைக்கு −1° 8′ என்று கொடுத்திருக்கும். குறை என்றால் மேற்கு. ஆனால் இது ஆண்டுக்கு ஆண்டு நகரும். பழைய ஷீட்டின் ஓரத்தில் அச்சிட்ட ஒதுக்கம் அந்த ஆண்டுக்குரியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் உலகக் காந்த மாதிரியின் இணையக் கணிப்பானில் இடத்தையும் தேதியையும் கொடுத்து இன்றைய மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஷீட் ஓரத்தில் மூன்று வடக்குகளையும் அம்புகளாகக் காட்டும் படத்தில் கோணமானி வைக்காதீர்கள். பெரும்பாலும் அது அளவுக்கு வரைந்ததல்ல, அருகில் அச்சிட்ட எண்தான் கணக்கு.

கூட்டுவதா கழிப்பதா என்று மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு சின்னப் படம் போடுங்கள். தொடக்கக் கோடு இடப்பக்கம் நகர்ந்தால் வலஞ்சுழியாக அளக்கும் கோணம் கூடும். நம் கோயிலும் பாலமும் மதுரைப் பக்கம் என்றும், ஒதுக்கம் 1.5° மேற்கு என்றும் வைத்துக்கொள்வோம். கிரிட் பேரிங் 128°. உண்மை வடக்கு கிரிட் வடக்குக்கு அரை பாகை வலப்பக்கம், எனவே உண்மை பேரிங் 127.5°. காந்த வடக்கு உண்மை வடக்குக்கு 1.5° இடப்பக்கம், எனவே காந்த பேரிங் 129°.

கோயிலில் நின்று பிரிஸ்மாட்டிக் காம்பஸில் (இலக்கைக் குறிபார்த்தபடியே எண்ணைப் படிக்கும் களக் காம்பஸ்) பார்த்தால் இந்த 129°-ஐத்தான் எதிர்பார்க்க வேண்டும். அதன் வட்டத்தில் அரை பாகைவரை படிக்கலாம், ஆகவே ஒரு பாகை வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் விலகினால் ஷீட்டைச் சந்தேகிக்கும் முன் சுற்றுமுற்றும் பாருங்கள்: கம்பி வேலி, டிரான்ஸ்ஃபார்மர், பைக், சட்டைப்பையில் போன். பிறகு பாலத்துக்குப் போய்க் கோயிலைத் திரும்பப் பாருங்கள். 309° வந்தால் இரண்டு இடங்களும் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளலாம். முன் பேரிங்கும் பின் பேரிங்கும் 180° வித்தியாசத்தில் இல்லையென்றால் ஏதோ ஒரு முனையில் இரும்பு இருக்கிறது. எந்த முனை என்று இந்த இரண்டு அளவுகளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மூன்றாவதாக ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்கிருந்து இரண்டுக்கும் முன், பின் பேரிங் எடுங்கள்.