ஒரே நாளில் வந்த ஹிட்டா?

கேள்வி: அமெரிக்க இசைக்குழு கூல் அண்ட் த கேங் 'ஜங்கிள் பூகி' பாட்டை ஒரே நாள் ரிஹர்சலில் போட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். நாங்கள் ஐந்து பேர் இரண்டு வருடமாக அதே ஃபங்க் (தாளம் தூக்கலான அமெரிக்க நடன இசை) வாசிக்கிறோம், ஒரு பாட்டும் எடுபடவில்லை. ஹிட் என்பது அதிர்ஷ்டம்தானே?

பதில்: இல்லை. அந்த ஒரு நாள் வந்தது 1973-ல். குழு தொடங்கியது 1964-ல். நடுவிலுள்ள ஒன்பது வருடத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்?

நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் ராபர்ட் 'கூல்' பெல்லும் தம்பி ரொனால்டும் பள்ளி வயது நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஜாஸ் வாசித்தார்கள். அப்போது பெயர் ஜாஸியாக்ஸ். பெயின்ட் டப்பாவில் தாளம் தட்டிப் பழகியவர்கள் அவர்கள். டப்பாவில் எவ்வளவு பெயின்ட் மிச்சமோ அதற்கேற்ப ஓசை மாறும். பிறகு உள்ளூர் 'சோல் டவுன்' அமைப்பின் பாடகர்களுக்குப் பின்னால் வாசித்தார்கள். பாடுபவருக்கு இடம்விட்டு வாசிக்கும் பக்குவம் அங்கேதான் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. முதல் ஆல்பம் 1969-ல் வந்தது. அதன் பிறகும் பெரிய ஹிட்டுக்கு நாலு வருடம் காத்திருந்தார்கள்.

1973-ல் கேமரூன்காரர் மனு டிபாங்கோவின் 'சோல் மகோசா' அமெரிக்காவில் பரபரப்பாக ஓடியது. அதையே இவர்களும் வாசித்துப் பதிய வேண்டும் என்றது ரெக்கார்டு கம்பெனி. மாட்டோம் என்று மன்ஹாட்டனில் ஒரு ரிஹர்சல் கூடத்துக்குள் போனவர்கள் 'ஃபங்கி ஸ்டஃப்', 'ஜங்கிள் பூகி', 'ஹாலிவுட் ஸ்விங்கிங்' மூன்றோடு வெளியே வந்தார்கள். 'ஜங்கிள் பூகி' 1974-ல் அமெரிக்காவின் ஹிட் பாடல் வரிசையான பில்போர்டு பட்டியலில் 4-ம் இடம் வரை ஏறியது. அதில் உறுமும் குரல் டான் பாய்ஸுடையது. அவர் குழுவின் சாமான்களைப் பார்த்துக்கொண்ட ரோடி! பாட்டுக்கு எந்தக் குரல் வேண்டும் என்று தெரிந்தவர்கள், அதைப் பக்கத்திலேயே கண்டுபிடித்தார்கள்.

இனி உங்கள் விஷயம். ஃபங்க் சரியாக வராததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எல்லோரும் எல்லா நேரமும் வாசிப்பது. நாலு அடித் தாளத்தில் முதல் அடியில் கிக் டிரம்மும் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) பேஸ் கிட்டாரும் ஒன்றாக விழ வேண்டும். நம் தாளத்தில் ஆவர்த்தம் தொடங்கும் சமம் போல, மற்றவர்கள் எங்கே சுற்றினாலும் அங்கே வந்து சேரட்டும். கிட்டார்காரர் ஒரு ஆவர்த்தத்துக்கு 16 வீச்சு என்று வலது கையை நிறுத்தாமல் மேலும் கீழும் ஓட்ட வேண்டும். ஒலி வேண்டிய இடத்தில் மட்டும் இடது கை அழுத்தும், மற்ற இடத்தில் தந்தியை லேசாகத் தொட்டு அடைக்கும். மௌனம் வரும்போது வலது கையை நிறுத்துகிறவருக்குத் தாளம் நழுவும். சாக்ஸபோனும் டிரம்பெட்டும் இருந்தால் சின்னச் சின்ன வெட்டாகப் போதும். இழுத்தால் பாடுபவரின் குரல் மூழ்கும்.

ஒரே குரூவை (திரும்பத் திரும்ப வரும் தாளக்கோவை) நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் பத்து நிமிடம் வாசித்து போனில் பதியுங்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்திவிட்டு மறுபடி பதியுங்கள். யார் இல்லாதபோது பாட்டு குறையவே இல்லையோ, அவருடைய பகுதியைப் பாதியாக வெட்டிப் புதிதாக எழுதுங்கள். பேஸிலிருந்து தொடங்குங்கள்.